கம்பம்மெட்டு இறக்கத்தில் ஒரு போர்க்கால லாரி

என் வேலையைச் சொன்னால் சனங்கள் சிரிப்பார்கள். கனடாவில், ஒண்டாரியோவில், பழைய வாகனங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சின்னக் காட்சியகத்தின் பட்டறையில் நான் மெக்கானிக். இரண்டாம் உலகப் போருக்காக எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்து கப்பலேற்றிய இராணுவ லாரிகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன, அவற்றின் எந்த உறுப்பு எங்கே வார்க்கப்பட்டது என்று தேடிப் பதிவதும் அந்த வேலைக்குள் அடக்கம். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு லாரி மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்பார்கள். ஆசை ஒன்றும் இல்லை. சின்ன வயதில் தெருவில் இராணுவ ட்ரக் வரும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிடுவோம். அந்தச் சத்தத்தைக் கழற்றிப் பார்த்தால் பயம் விட்டுப்போகும் என்று நினைத்துத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். பயம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் பழைய டீசல் எஞ்சின் ஒன்று பின்னால் உறுமினால் திரும்பிப் பார்க்கிறேன்.

தேனிக்கு என்னை வரவழைத்தது ஒரு புகைப்படம். தேனி கடைவீதியில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் அனுப்பியது. கம்பத்துக்குத் தெற்கே ஒரு வீட்டுக் கொட்டகையில், பலகை மேல், குங்குமம் சந்தனம் வைத்த ஒரு கியர் பாக்ஸ். அதன் மூடியின் வடிவத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தினமும் கையால் தொடும் சாமான் அது. அதற்குப் பொட்டு வைத்து இதுவரை பார்த்ததில்லை.

முதல் நாள் மாலை ஜெபராஜ் என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். நாற்பது வயது, நல்ல பேச்சுக்காரர், மூன்று தலைமுறையாகக் கடை. சால்னாவை ஊற்றிப் பிசைந்து சாப்பிடச் சொன்னார். எங்கள் ஊரில் ரொட்டியைக் கொத்தித் தாளம் போட்டுத் தருவார்கள்; இங்கே பரோட்டாவை நாமேதான் பிய்த்துப் போட வேண்டும். காரம் ஏறவே நான் "நல்ல உறைப்பு" என்றேன். பரிமாறியவர் நின்று பார்த்தார். "மேடம் கேரளாவா?" என்று ஜெபராஜிடம் கேட்டார். இரண்டு நாளில் ஆறு பேர் என்னை மலையாளி ஆக்கினார்கள். போகட்டும்.

"மேடம், ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன்," என்றார் ஜெபராஜ். "பெட்டி வச்சிருக்கவரு பேரு ராசாங்கம். நம்பர், முத்திரை எல்லாம் பாத்து எழுதிக்க விடுவாரு. ஆனா ஒரு கண்டிசன் போட்டுருக்காரு."

"என்ன கண்டிசன்?"

"அந்த லாரிய ஓட்டுனது அவுக அப்பா. கம்பம்மெட்டு மலை இறக்கத்துல பள்ளத்துல விட்டுட்டாரு. அவரும் போயி, பின்னால உக்காந்திருந்த ஏழு பேரும் போயிட்டாக. கியரே போடாம நூட்ரல்ல விட்டு எறக்கிருக்கான்னு ஊரே பேசுச்சு. அவரு நூட்ரல்ல விட்டாரா இல்லையான்னு நீங்க பெட்டியப் பாத்துச் சொல்லணுமாம்."

நான் முத்திரை எண்களைத் தேடி வந்தவள். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியத்தை எந்தப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது?

மறுநாள் காலை கம்பம் பஸ் அனுமந்தன்பட்டி தாண்டுவதற்குள் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, முன்மூடியைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். டீசல் குழாயில் காற்றுப் புகுந்த இருமல் அது. சும்மா இருக்க என்னால் முடியுமா? போய்க் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியே எடுத்தேன். பஸ் கிளம்பியது. எனக்குப் பக்கத்து சீட்டில் திராட்சைக் கூடையோடு இருந்த பெண், "ஏ ஆத்தா, டிரைவர எறக்கிவிட்டு நீயே ஓட்டிட்டுப் போத்தா," என்று சொல்லி, ஒரு குலை பன்னீர்த் திராட்சையை என் மடியில் போட்டாள். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டொரொண்டோவில் பஸ் நின்றால் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் யார் மடியிலும் எதையும் போடுவதில்லை.

இரண்டு பக்கமும் மலை. நடுவே தென்னை, வாழை, கொடிப் பந்தல். இவ்வளவு பச்சைக்கு நடுவே ஒரு மனிதர் அறுபது வருடத்துக்கும் மேலாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். கம்பத்தில் ஜெபராஜ் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ராசாங்கம் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ராசாங்கத்துக்கு அறுபத்தேழு வயது. மெலிந்த, நேரான மனிதர். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க ஆத்தா," என்றவர் நேராகப் பின்கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி பாண்டியம்மாள் பின்னாலேயே காப்பியோடு வந்தார்.

பெட்டி துருவே இல்லாமல், குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி இருந்தது. எண்ணெய் மினுங்கியது. ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பக்கவாட்டில் துடைத்தேன். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்கள், அதற்குக் கீழே ஒரு எழுத்து. அந்த எழுத்தை எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், ஏரிக்கரை ஊரில், இடித்துத் தள்ளிய ஒரு வார்ப்பாலையின் அடையாளம் அது. போர் முடிந்து இராணுவம் கழித்துவிட்ட லாரிகளை இந்தப் பக்கத்து முதலாளிகள் வாங்கி, மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்க விட்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படம் எடுத்தேன், அளந்தேன், எழுதினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினேன். ராசாங்கம் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எழுதியாச்சா? இனி எஞ்சோலியப் பாருங்க."

சொன்னார். அவர் அப்பா பெயர் சுருளியாண்டி. லாரி முதலாளியுடையது. அன்றைக்கு ஏலமூட்டையும் கூலியாட்களுமாக மெட்டிலிருந்து இறங்கினார்கள். ஒருத்தரும் பிழைக்கவில்லை. பார்த்த சாட்சியும் கிடையாது. பெட்ரோலை மிச்சம் பிடித்து விற்பதற்காக நியூட்ரலில் விட்டான், அப்படியே கண்ணசந்துவிட்டான் என்று முதலாளி சொன்னார். முதலாளி சொன்னதை ஊர் சொன்னது.

"அன்னைக்கிலருந்து நாங்க நூட்ரல்காரக வீடு," என்றார். "பள்ளிக்கூடத்துல எம் பேரே அதுதான். எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் அதைத்தான் சொன்னாக. அந்த ஏழு வீட்டாளுகளும் வருசா வருசம் மெட்டுல, அந்த எடத்துல பொங்க வைப்பாக. நாங்க போக முடியாது. நாங்க மலைக்குக் கீழ நின்னு கும்பிட்டுட்டு வந்துருவோம்."

லாரியை இரும்புக்குப் போட்டபோது அவர் அம்மா முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டு இந்தப் பெட்டியை மட்டும் வாங்கி வந்திருக்கிறார்.

"திறந்து பாக்கேல்லையா அண்ணை?" என்றேன்.

"நூட்ரல்லதான் கெடந்துச்சுன்னா?" என்றார். பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியின் மேலே கியர் லிவர் அப்படியே நின்றது. அதை லேசாகத் தொட்டேன். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. இத்தனை வருடம் சும்மா கிடந்த பெட்டியில் லிவர் இறுகிப் போயிருக்க வேண்டும்.

"இதை ஆராவது அசைச்சவையோ?"

ராசாங்கத்தின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "வருசா வருசம் ஆயுத பூசைக்கு நாந்தான். தொடைச்சு, மேல எண்ணெய ஊத்தி, லிவர முன்னயும் பின்னயும் நாலு ஆட்டு ஆட்டி வைப்பேன். புடிச்சுப் போயிரக் கூடாதுல்ல? இதுநாள் வரைக்கும் ஒரு வருசம் தப்புனதில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஐயோ கடவுளே! என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்! எந்தக் கியர்ல கிடந்தது எண்டதுக்கு இருந்த ஒரே சாட்சி இந்த லிவர்தானே. அதை ஏன் ஆட்டினீங்கள்? இப்ப நான் எதைப் பாத்துச் சொல்லுறது?"

அவர் கொட்டகைக் கால் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

பாண்டியம்மாள்தான் பேசினார். "எதுக்கு ஆத்தா இந்தச் சத்தம் போடுறீக? சாமி மாதிரி வச்சுப் பாத்தாரு. எவனாச்சும் வந்து, ஆட்டாதடா இதுல ஒரு வெவரம் இருக்குன்னு சொன்னானா? தொழில் சாமானத் துரு ஏற விடக் கூடாதுன்னுதான் இங்கன எங்களுக்குத் தெரியும்."

வெட்கமாகப் போய்விட்டது. சரியாகத்தானே சொல்கிறார்! இந்தப் பள்ளத்தாக்கில் ஆயுத பூசை அன்று துடைத்து எண்ணெய் விடாத இயந்திரம் எது? ராசாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஆத்தா," என்று கையை உருவிக்கொண்டார். அந்தச் சொல்லில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை வதைத்தது.

ஜெபராஜ் இதற்கிடையில் பெட்டி மூடியின் போல்ட்களுக்கு டீசல் விட்டுக்கொண்டிருந்தார். "ஊறட்டும். வந்தது வந்தாச்சு, நாளைக்குத் தொறந்துதான் பாப்பமே," என்றார். போல்ட்கள் கல் மாதிரி இறுகியிருந்தன. லிவரை ஆட்டியிருக்கிறார்களே தவிர மூடியை ஒருவரும் கழற்றியதில்லை. அது என் மண்டையில் உறைக்க மறுநாள் விடிய வேண்டியிருந்தது. கம்பத்து விடுதியில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். அவர் எண்ணெயை மேலேயிருந்துதான் ஊற்றியிருக்கிறார். அடியில் கிடப்பது அன்றைக்கு என்ன கிடந்ததோ அதுதான்.

மூன்றாம் நாள் காலை சாப்பிடாமலே போய்விட்டேன். பாண்டியம்மாள் விடவில்லை. கேப்பைக் களியும் மொச்சைக் குழம்பும் வைத்து, நான் உருண்டை பிடிக்கும் அழகைப் பார்த்து, "கனடாவுல கையில சாப்புடுறது மறந்துபோச்சாக்கும்," என்றார். நான் அடுத்த உருண்டையைக் குழம்பில் தோய்த்தேன்.

போல்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக் கழன்றன. ஜெபராஜ் மூடியைத் தூக்கினார். நான் டார்ச்சை உள்ளே பிடித்தேன்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் அவசரமாக, எளிமையாகச் செய்தவை. இன்றைய வண்டியில் கியர் தானாக வழுக்கி விழுகிறதே, அந்தச் சௌகரியம் இதில் கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, எஞ்சினை உறுமவைத்து, மறுபடி மிதித்து, இரண்டு பல்சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்த கணத்தில் தள்ள வேண்டும். கணம் தப்பினால் பல்லோடு பல் மோதும். மலை இறக்கத்தில் வண்டியின் வேகத்தை அடக்கிப் பிடிப்பது இரண்டாம் கியர் போன்ற கீழ் கியர்தான்; ஆனால் பாரத்தோடு வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கணம் கிடைப்பதே இல்லை.

மேல் கியர்களின் பற்களைப் பார்த்தேன். முனை மழுங்காமல், சுத்தமாக இருந்தன. வருடக்கணக்காகப் பழகிய நல்ல கை. பிறகு இரண்டாம் கியர்ச் சக்கரத்தைத் திருப்பினேன். ஜெபராஜ் "ஏசுவே" என்றார்.

பற்களின் ஒரு பக்க முனைகள் கடித்துத் துப்பினாற்போலக் கிடந்தன. ஒரு பல் அல்ல, சுற்றிலும் எல்லாப் பற்களும். காந்தத்தை நூலில் கட்டி அடியில் படிந்த எண்ணெய்க் கசண்டில் இறக்கினேன். இரும்புச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. துடைத்து விரலால் தடவியதும் ஒன்று என் விரலைக் கீறியது. கூர் மழுங்கவில்லை. அவை உடைந்த பிறகு அந்தப் பெட்டி அதிக நேரம் ஓடியிருந்தால் சக்கரங்கள் அவற்றை அரைத்திருக்கும். உடைந்தது அந்தக் கடைசி ஓட்டத்தில்தான்.

ராசாங்கத்தைக் கூப்பிட்டேன். இரண்டு கைவிரல்களையும் கோத்தும் மோதியும் காட்டி, எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன்.

"அண்ணை, நான் பொய் சொல்ல மாட்டன். வண்டி நியூட்ரலில ஓடியிருக்கு. அது உண்மை. ஆனா கீழ் கியருக்குப் போறதெண்டாலும் நியூட்ரலுக்குள்ளாலதான் போக வேணும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க விட்டவரோ, கியர் மாத்தப் போய் மாட்டுப்பட்டவரோ, அதை இந்தப் பெட்டி சொல்லாது. ஒண்டு மட்டும் சொல்லுது. அவர் நித்திரை கொள்ளேல்லை. இரண்டாம் கியருக்குள்ள திரும்பத் திரும்பத் தள்ளப் பாத்திருக்கிறார். விடேல்லை."

"எத்தன தடவ?"

"ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை அண்ணை. இறக்கம் முழுக்க."

நான் எதிர்பார்த்தது வேறு. அழுவார், சிரிப்பார், பாண்டியம்மாளைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் சில்லுகளை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"என்னது?"

"சாகப் போறோம்னு தெரிஞ்சிருக்கு ஆத்தா. ஊரு என்னத்தையும் பேசிட்டுப் போகட்டும். தூக்கத்துலயே போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நான் எனக்குள்ள வச்சிருந்தேன். அஞ்சு வயசுலருந்து அப்படி நெனச்சுத்தான் படுப்பேன்."

என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் அடுக்கினேன். கண்ணீர் அவற்றின் மேலேயே விழுந்தது. அவமானம் ஒன்றைத் துடைக்க வந்து, அவரிடம் இருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிவிட்டேன். இதற்கு நான் வராமலே இருந்திருக்கலாம்.

அவர் எழுந்து வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். சில்லுகளைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார்.

"இந்த நேரத்துல எங்கன கெளம்பிட்டீக?" என்றார் பாண்டியம்மாள்.

"ஏழு வீட்டுக்கும் போயிட்டு வாரேன்."

நானும் வருகிறேன் என்றேன். இல்லை என்று தலையசைத்தார். "வேணாம் ஆத்தா. நீங்க வந்தா வெளிநாட்டுலருந்து ஆள் வச்சுச் சொல்ல வச்சாகன்னு ஆயிரும். எங்கப்பன் சேதிய நான்தான் சொல்லணும்."

அன்று பகல் முழுதும் நாங்கள் காத்திருந்தோம். ஜெபராஜ் கடைக்குப் போனார், மனம் கேளாமல் திரும்பி வந்தார். பாண்டியம்மாள் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தார். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து அந்த ஏழு வீட்டு வாசலையும் அவர் மிதித்ததில்லையாம். தெருவில் பார்த்தால் இவர்தான் ஒதுங்குவாராம். "வெரட்டி விட்டாக்கூடப் பரவால்ல," என்றார் கீரையைப் பார்த்துக்கொண்டே. "அவரு தல குனிஞ்சு வரக் கூடாது."

வெயில் சாயும்போது ராசாங்கம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் கேட்டார், குடித்தார்.

"என்னாச்சு?" என்றார் ஜெபராஜ்.

"மூணு வீட்டுல உக்காரச் சொல்லிக் காப்பி குடுத்தாக. ரெண்டு வீட்டுல நின்னபடி கேட்டுட்டு, சரி போன்னுட்டாக. ஒரு வீட்டுல வாசலுக்குள்ளயே விடல." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "கடைசியா வேலம்மா சின்னம்மா வீடு."

வேலம்மாளைப் பற்றிப் பாண்டியம்மாள் எனக்கு மத்தியானமே சொல்லியிருந்தார். கல்யாணமான வருடமே கணவரை அந்த லாரியில் இழந்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். இத்தனை வருடத்தில் ராசாங்கத்திடம் ஒரு சொல் பேசியதில்லை.

"பேசுனாகளா?" என்றார் பாண்டியம்மாள்.

"சில்லு ஒவ்வொண்ணையும் கையில வாங்கித் தடவிப் பாத்தாக. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாக. அப்ப எம் புருசனுக்கும் தெரிஞ்சிருக்குமா ராசாங்கம், முழிச்சா இருந்திருப்பாருன்னு கேட்டாக."

பாண்டியம்மாளின் மடியில் கீரை அப்படியே கிடந்தது.

"என்ன சொன்னீக?"

ராசாங்கம் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இல்ல சின்னம்மா, அன்னைக்கு முழுக்க மூட்ட தூக்குன அலுப்பு, பின்னால இருந்த ஏழு பேரும் மூட்ட மேல படுத்து நல்லாத் தூங்கிட்டாக, எங்கப்பா ஒருத்தருதான் முழிச்சிருந்தாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."